தந்தையும் மகளும் பதினாறு வாத்துகளும்

(சங்க மண்டபத்தில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்துருவம்)



சினிமாப் படம் ஒன்றைப் பற்றிச் சங்க மேடையிற் பேசலாமா என்று செயலாளரைத் தயக்கத்துடன் கேட்டோம். நாவலரைப் பற்றியோ திருக்குறளைப் பற்றியோ பேசும்படி பணித்திருந்தால், நூல்நிலையத்தில் இரண்டு நாள் இருந்து ஏதோ கோவைப்படுத்திக்கொண்டு வந்திருப்போம். அவரோ, "உமது மனத்திலே தங்கிய ஒன்றைப் பற்றிப் பேசும், அதுவே போதும்" என்று கூறிவிட்டார். அந்தத் துணிவிலே வந்து நிற்கின்றோம். இப்பேச்சிற் குறையிருப்பின் பாதி செயலாளரைச் சாரும்.

யாம் எடுத்துக்கொண்ட படத்தின் பெயர் 'பிளை அவே ஹோம்'. 1996ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனை நெறிப்படுத்தியவர் கரோல் பலார்ட் என்பவர். இவர் 1979இல் ஒரு சிறுவனையும் ஒரு கறுப்புக் குதிரையையும் வைத்துப் படமெடுத்தவர். 1983இல் ஓநாய்களை ஆராயச் சென்ற ஒருவனை வைத்து மற்றொரு படம் எடுத்தவர். மனிதர் வாய் திறவாதிருக்கும் இடங்களிலேதான் இவருடைய படங்கள் சிறக்கின்றன என்பது எமது அபிப்பிராயம். எமது மிஷன் பாடசாலை விடுதியிலே ஒரு சனிக்கிழமை இரவு, ஆசிரியர் ஒருவர் இறுவட்டிற் போட்டுக் காட்டியபோதுதான் இப்படத்தை முதலிற் பார்த்தோம். "சின்னப்பிள்ளைகளின் படம்" என்று பின்வாங்கிலிருந்து சிரித்தவர்களுள் யாமும் ஒருவர். படம் முடிந்தபோது பின்வாங்கில் ஒருவரும் சிரிக்கவில்லை.

கதை நியூசிலாந்திலே தொடங்குகின்றது. மழை பெய்யும் இரவு. தாயும் மகளும் காரிற் போகின்றார்கள். விபத்து நேர்கின்றது, தாய் இறந்துவிடுகின்றாள். இத்தனையும் வசனமின்றி, பின்னணியில் ஒரு பாட்டு ஒலிக்க, மூன்று நான்கு நிமிடத்தில் நடந்து முடிகின்றது. பதின்மூன்று வயது மகள் ஏமி வைத்தியசாலைக் கட்டிலிற் கண்விழிக்கும்போது அருகில் ஒரு மனிதர் இருக்கின்றார். அவர்தான் அவளுடைய தகப்பனார் தோமஸ் ஆல்டன். பல ஆண்டுகளுக்கு முன்னர் மனைவி பிரிந்து மகளுடன் நியூசிலாந்துக்குச் சென்றுவிட, இவர் கனடாவிலே ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள தமது பண்ணையில் தனித்து வாழ்ந்தவர். சிற்பி, பறக்கும் பொறிகளைச் செய்வதிற் பைத்தியம் கொண்டவர். வீடு முழுவதும் இரும்பும் கம்பியும் அரைகுறை யந்திரங்களும். அந்த வீட்டுக்குத்தான் அந்தப் பிள்ளை அழைத்து வரப்படுகின்றாள்.

ஏமியாக நடித்த அன்னா பகுவின், 1994இல் தமது பதினோராவது வயதிலேயே ஒஸ்கார் பரிசு பெற்றவர். அவரும் கனடாவிற் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர் என்பது தற்செயலான பொருத்தம். தகப்பனாராக நடித்தவர் ஜெவ் டானியல்ஸ்.

ஒன்ராறியோ என்ற பெயரைக் கேட்டதும் இம்மண்டபத்திற் பலர் நிமிர்ந்து உட்கார்வதைக் காண்கின்றோம். ரொறன்ரோ நகரம் அம்மாகாணத்திலேதான் உள்ளது. 1983க்குப் பின்னர் நம்மவர் எத்தனையோ ஆயிரம் பேர் அங்கே சென்றனர். நம்முள் எவருக்குத்தான் அங்கே ஒரு மாமாவோ, அண்ணனோ, அன்றித் தகப்பனாரோ இல்லை? இது பற்றிப் பின்னர் வருவோம்.

தந்தையும் பிள்ளையும் பிரிந்து கூடும் கதை நமக்குப் புதிதன்று. காளிதாசனின் சாகுந்தலத்திலே, துஷ்யந்தன் தன் மகனைக் காணும்போது அச்சிறுவன் சிங்கக் குட்டியோடு விளையாடிக்கொண்டிருக்கின்றான். இராமன் தன் மக்களாகிய குசனையும் லவனையும் அடையாளங் காண்பது அவர்கள் பாடும் பாட்டினாலே. இக்கதைகளில் ஓர் ஒற்றுமையைக் கவனியுங்கள். தந்தை அரசனாக இருப்பான். தந்தை மறந்திருப்பான், அல்லது கைவிட்டிருப்பான். ஆயினும் தன் தகுதியைக் காட்டவேண்டிய கடமை பிள்ளைக்கே உரியதாகின்றது. சிங்கத்தின் பல்லை எண்ண வல்லவனாதலால் அவன் அரச குமாரன். தேனூறப் பாட வல்லவராதலால் அவர்கள் இரகுவமிசத்தார். துஷ்யந்தன் தான் தந்தையாகத் தகுந்தவனென்று எங்கே காட்டினான்? மிஷன் பாடசாலையிற் படித்த காரணத்தால் கெட்ட குமாரன் கதையும் எமக்கு நெட்டுரு. அதிலும் தவறியவன் மகனே. வாசலிற் காத்திருப்பவர் தந்தையே.

இப்படத்திலோ தவறியவர் தந்தை. தகுதியைக் காட்டவேண்டியவரும் அவரே. இதற்காகவே இப்படத்தைப் பேச எடுத்தோம்.

வந்து சேர்ந்த பிள்ளை பேசுகின்றாளில்லை, உண்பதும் அரிது. தகப்பனார் வேடிக்கை காட்டிப் பார்க்கின்றார். நயந்து பேசிப் பார்க்கின்றார். ஒன்றும் பலிக்கவில்லை. அவள் அவரை வெறுப்பதாகவும் தெரியவில்லை. வழிப்போக்கரைப் பார்ப்பதுபோலப் பார்க்கின்றாள், அவ்வளவுதான். வெறுப்பாயினும் ஓர் உறவு எனலாம்.

அயலிலுள்ள காட்டை வீடு கட்டுவோர் உழுயந்திரம் கொண்டு தள்ளிவிடுகின்றார்கள். சாய்ந்த மரங்களினிடையே தாயற்றுக் கிடக்கும் வாத்து முட்டைகளை ஏமி காண்கின்றாள். எவருக்கும் சொல்லாமற் கொண்டு வந்து, பழைய இழுப்பறை ஒன்றில் மெல்லிய துணி விரித்து, மின்குமிழின் சூட்டிலே அடைவைக்கின்றாள். பதினாறு குஞ்சுகள் பொரிக்கின்றன. வாத்து என்றதும் நம்மூர்த் தாராவை எண்ணிவிடக் கூடாது. இவை கனடா வாத்துகள். கறுத்து நீண்ட கழுத்தும் கன்னத்திலே வெள்ளைப் பட்டையும் உடைய பெரிய பறவைகள். மாரியிலே தெற்கு நோக்கிப் பல நூறு மைல் பறப்பவை.

முட்டையிலிருந்து வெளிவந்த வாத்துக்குஞ்சு, முதலிற் காணும் அசையும் உருவத்தையே தாயெனக் கொள்ளும். கொன்ராட் லோரன்ஸ் என்னும் ஒஸ்திரிய விஞ்ஞானி 1930களில் இதனை விரிவாக ஆராய்ந்து, தாமே குஞ்சுகளுக்குத் தாயாகி, அவை தம் பின்னே வரிசையாக நடந்துவரும்படி செய்து காட்டினார். 1973இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஏமியின் குஞ்சுகளும் அப்படியே. அவள் நடந்தால் நடக்கும், ஓடினால் ஓடும். தாயை இழந்த பிள்ளை தாயாகிவிடுகின்றாள். படம் இதை வாயாற் சொல்லாமல், முற்றத்திலே பதினாறு குஞ்சுகளுடன் அவள் போவதைக் காட்டிவிட்டு அப்பாற் போகின்றது. நம் நாட்டுப் படமாயின் அவ்விடத்தில் ஒரு பாட்டு வந்திருக்கும். தாய்மையின் பெருமையைக் கூறும் வசனமும் வந்திருக்கும்.

தாய் வாத்து வழிகாட்டாவிடின் குஞ்சுகளுக்குத் தென்திசை செல்லும் பாதை தெரியாது. அவ்வூர் வனவிலங்கு அதிகாரி வந்து, வளர்ப்பு வாத்துகளின் இறக்கையைத் தறிக்கவேண்டும், அதுவே சட்டம் என்று கூறி, உடனே வெட்டிக் காட்ட முனைகின்றார். ஏமி கூக்குரலிடுகின்றாள். தகப்பனார் அவ்வதிகாரியை வீட்டைவிட்டு வெளியேற்றுகின்றார். மகளின் பக்கத்தில் அவர் நின்ற முதற் சந்தர்ப்பம் அது. அன்றுதொட்டு அவருக்கு ஒரு வேலை கிடைத்துவிடுகின்றது. பறவைகளுக்கு வழிகாட்டத் தாய் இல்லையா? விமானம் ஒன்று செய்து, அதிலே முன்னே பறந்து வழிகாட்டுவோம் என்கின்றார். பைத்தியக்கார யோசனைதான். ஆனால் பைத்தியக்கார யோசனைகளிலே அவர் வல்லவரல்லரோ?

அன்பர்களே, படத்தின் உயிர்நிலை இதற்கடுத்த காட்சியிலே உள்ளது. தகப்பனார் பொறியை முடுக்கி ஓடுகின்றார், எழுகின்றார், கத்தி அழைக்கின்றார். வாத்துகள் புல்லிலே நின்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றுகூட அவர் பின்னாற் போகவில்லை. அவை ஏமி ஒருத்திக்கே கட்டுப்பட்டவை. பின்னொருநாள் ஏமி எவருமறியாமல் அப்பொறியில் ஏறிவிட, வாத்துகள் அத்தனையும் அவளோடு மேலெழுகின்றன. இறங்கத் தெரியாமல் அவள் விழுந்து எழும்புவது வேறு விடயம்.

அந்தக் கணத்திலே தகப்பனாருக்கு முன்னே இரண்டு வழிகள். "நீ சிறு பிள்ளை; ஆபத்து; இதோடு விடு" என்று சொல்வது ஒன்று. நம் வீடுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தகப்பன்மார் அதையே சொல்வர், அதிற் குற்றமுமில்லை. மற்றது, மகளுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. அவர் இரண்டாவதைச் செய்கின்றார். அவளுக்கென ஒரு சிறு விமானம், வாத்தின் உருவிலே, கழுத்தும் தலையும் வைத்துச் செய்துகொடுக்கின்றார். ஆணி அறைவதும், துணி இழுத்துக் கட்டுவதும், சுக்கானைப் பிடிக்கக் காட்டிக்கொடுப்பதுமாக நாட்கள் செல்கின்றன. அந்த நாட்களிலே தந்தையும் மகளும் அன்பைப் பற்றி ஒரு வார்த்தைதானும் பேசுவதில்லை. "அதை எடு", "இதைப் பிடி", "மூக்கைத் தூக்காதே" என்பவையே பேச்சு. உறவு கேட்டுப் பெறும் பொருளன்று. பிள்ளைக்குத் தேவையான ஒரு வேலையிலே தகப்பனும் ஒரு கைபிடிக்கும்போது, இருவரும் அறியாமலே அது வந்து சேர்கின்றது. யாம் இப்படத்திற் கண்டது இதுதான்.

பயணத்தை விரித்துரைக்கப் போவதில்லை; பார்த்துக் களிக்கவேண்டியது அது. இலையுதிர் காலத்து மஞ்சளும் செம்மையுமான காடுகளின் மேலே, விமானத்தின் இறக்கை நுனியருகே வாத்துகள் சாய்கோடாக நிரைபிடித்துப் பறக்கும் காட்சிகளை ஒளிப்பதிவு செய்த கேலப் டெஷானல், ஒஸ்கார் பரிசுக்குப் பிரேரிக்கப்பட்டார். முன்னே பறப்பதன் இறக்கை நுனியில் மேலெழும் காற்று, பின்னே வருவதைத் தாங்கும். அதனாலேயே பறவைகள் அவ்வாறு நிரைபிடிக்கின்றன. பால்ரிமோர் நகரத்திலே மூடுபனியினூடே, உயர்ந்த கட்டடங்களின் நடுவே அவை நுழைந்து போகும் காட்சியை எமது விடுதி முழுவதும் எழுந்து நின்று பார்த்தது.

குறைகளையும் சொல்லவேண்டும். அமெரிக்க விமானப்படைத் தளமொன்றில் அனுமதியின்றி இறங்கியவர்களை அவ்வளவு சுலபமாக விட்டுவிடுவார்களா? தகப்பனாரின் தோழியாக வரும் சூசன், நல்ல பாத்திரம். அவளைப் பாதியிலே மறந்துவிட்டார்கள். வட கரோலைனாவிலே வாத்துகள் சென்று தங்கவேண்டிய சதுப்பு நிலத்தை நவம்பர் முதலாந் திகதிக்குள் பறவைகள் வந்து சேராவிடின் வீடு கட்டுவோர் எடுத்துக்கொள்வர் என்பது, கதைக்கு விறுவிறுப்பு ஊட்டுவதற்காக ஒட்டவைத்தது. சனக்கூட்டமும் கைதட்டலும் நிறைந்த முடிவு, அதற்கு முன் இருந்த அமைதிக்குப் பொருந்தவில்லை.

ஆனால் ஓரிடம். இருவரும் தனித்திருக்கும் நேரம். ஏன் என்னைப் பார்க்க வரவில்லை என்று மகள் கேட்கின்றாள். நியூசிலாந்து வெகு தூரம் என்கின்றார் தகப்பனார். அது நொண்டிச் சாட்டு என்று மகள் சொல்லிவிடுகின்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கணக்கிலே பிழை கண்டவள்போற் சொல்கின்றாள். அவர் மறுக்கவில்லை; தம்மேல் உள்ள பிழையை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவிக்கின்றார். எங்கள் சமூகத்திலே பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்ட தகப்பனை யாம் கண்டதில்லை. கண்டவர்கள் இச்சபையிலிருந்தால் அவர்கள் பாக்கியசாலிகள்.

இலக்குக்கு முப்பது மைல் இருக்கும்போது தகப்பனாரின் விமானம் சோளக்காட்டில் விழுந்துவிடுகின்றது. தோள் மூட்டு விலகிவிடுகின்றது. மிச்சத் தூரத்தை நீ தனியே போ என்கின்றார். வழிகாட்டியாக வந்தவர் நின்றுவிட, வழி கற்றவள் போகின்றாள்.

நிற்க. இக்கதை முழுவதும் கற்பனையன்று. ஒன்ராறியோவில் பில் லிஷ்மன் என்றொரு சிற்பி இருந்தார். நிலத்தடியிலே வீடு கட்டி வாழ்ந்த விசித்திர மனிதர். 1988இல் சிறு விமானத்திலேறி வாத்துகளைத் தம் பின்னே பறக்கப் பழக்கினார். 1993இல் அவரும் ஜோ டவ் என்னும் நண்பரும் 18 வாத்துகளை ஒன்ராறியோவிலிருந்து ஏறத்தாழ 400 மைல் தூரம் வேர்ஜினியா மாநிலத்துக்கு அழைத்துச் சென்றனர். அடுத்த வசந்தத்தில் அவற்றுட் பெரும்பாலானவை தாமாகவே திரும்பி வந்தன. படத்திலே தகப்பனார் பறக்கும் காட்சிகளில் உண்மையிற் பறந்தவர் லிஷ்மன்தான். தந்தை மகள் பிரிவு படத்துக்கென்று புனைந்தது.

அவர்களின் நோக்கம் வாத்துகளன்று. 'ஹூப்பிங் கிரேன்' என்னும் வெண்ணிறப் பெருங்கொக்கு வட அமெரிக்காவின் மிக உயர்ந்த பறவை. 1940களின் தொடக்கத்தில் உலகம் முழுவதிலும் இருபது சொச்சமே எஞ்சியிருந்தன. கூட்டிலே பொரித்து வளர்த்த குஞ்சுகளுக்கு வலசைப் பாதை காட்ட, 2001 முதல் ஆண்டுதோறும் விஸ்கொன்சினிலிருந்து தென்திசைக்கு இவ்விமானங்கள் முன்னே பறந்தன. குஞ்சுகள் மனிதரைத் தாயெனப் பற்றிவிடாதிருக்க, வளர்த்தவர்கள் வெள்ளை அங்கியால் உடல் முழுவதையும் மூடி, கையிலே கொக்குத் தலைப் பாவை ஒன்றை மாட்டிக்கொண்டு, வாய் பேசாமல் வேலை செய்தார்கள். பறவைகள் பாதையை நன்றாகவே கற்றன. வளர்ந்து, சோடி சேர்ந்து, முட்டையுமிட்டன. ஆனால் குஞ்சுகளைத் தக்க தொகையில் வளர்த்தெடுக்கவில்லை. கூடுகளை மொய்த்த கருநிற ஈக்கள் ஒரு காரணம். தாய் தந்தையின்றி வளர்ந்தமையால், குஞ்சை வளர்க்கும் வகை அவற்றுக்குத் தெரியாது போயிற்றோ என்றும் அறிஞர் ஐயுற்றனர். 2016ஆம் ஆண்டு தொடக்கத்திலே அமெரிக்க அரசு விமான வழிகாட்டலை நிறுத்துவதென முடிவு செய்தது. லிஷ்மன் 2017ஆம் ஆண்டின் இறுதியிற் காலமானார்.

படத்தைப் பார்த்துப் பல ஆண்டுகளின் பின்னரே இதனை வாசித்தறிந்தோம். வாசித்த அன்றிரவு நித்திரை வரவில்லை.

அதன் காரணத்தைச் சொல்லிவிடுகின்றோம். எமக்கு மூன்று வயதாயிருக்கும்போது எமது தகப்பனார் ஒன்ராறியோ சென்றார். கடுதாசி அலுவல்கள் முடிந்ததும் எம்மையும் அம்மாவையும் அழைப்பதாக ஏற்பாடு. கடுதாசி அலுவல்கள் முடியவேயில்லை. உணவுச்சாலை ஒன்றில் இரவு வேலை. மாதந் தவறாமற் பணம் வந்தது. ஞாயிறு தவறாமல் தொலைபேசி வந்தது. "சாப்பிட்டனியோ? படிக்கிறியோ?" என்பார். "ஓம் அப்பா" என்போம். 2022இல், எமது பத்தொன்பதாவது வயதில், முதன்முறையாக ஊருக்கு வந்தார். எமக்கென வாங்கி வந்த சப்பாத்து இரண்டு அளவு சிறிதாயிருந்தது. அதைப் பார்த்து அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு கிழமையளவில் இரண்டு பேரும் ஒரு வீட்டில் விருந்தினர்போல இருந்தோம்.

பின்னர் கிணற்றடியிலே நீரிறைக்கும் இயந்திரம் நின்றுவிட்டது. யாம் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பக்கத்திற் குந்தினார். அவருக்கு அந்த இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. "தம்பி, இந்தப் பூட்டை எந்தப் பக்கம் திருப்பிறது?" என்று கேட்டார். காட்டிக் கொடுத்தோம். இரண்டு நாள் வேலை. இரண்டாம் நாட் பின்னேரம், கையிலே எண்ணெய்க் கறையோடு, எதையோ கேட்கப்பட்டவர்போலத் தாமாகவே சொன்னார்: "எனக்கு அஞ்சு வயதிலை அப்பா போட்டார். தகப்பன் எண்டால் என்ன செய்யிறது எண்டு எனக்கு ஒருத்தரும் காட்டித் தரேல்லை. காசு அனுப்பத்தான் தெரிஞ்சுது."

யாம் பதில் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு இந்தப் படத்தைப் போட்டோம். அம்மா பாதியிலே நித்திரையாகிவிட்டார். மகள் கேட்கும் அந்தக் காட்சி வந்தது. அப்பா எழுந்து, "படலையைச் சாத்திப்போட்டு வாறன்" என்று வெளியே போனார். படலையை யாம் முன்னரே சாத்தியிருந்தோம்.

அவர் திரும்பி வரும்போது படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, "வாத்துகள் போய்ச் சேர்ந்திட்டுதோ?" என்று கேட்டார்.

"சேர்ந்து, அடுத்த வசந்தத்திலை வீட்டுக்குத் திரும்பியும் வந்திட்டுதாம்" என்றோம்.

"எத்தனை?"

"பதினாறும்."